பார்ப்பதற்காக வந்த அம்மா

பதுளையோடு தண்டவாளம் முடிந்துவிடுகிறது. கொழும்பிலிருந்து மலையேறி, அப்புத்தளையில் மேகத்துக்குள் நுழைந்து, பண்டாரவளை, ஹாலிஎல என்று வளைந்து வளைந்து இறங்கி வரும் ரயில், அதற்கு மேல் போக வழியில்லாமல் அங்கே வந்து பெருமூச்சு விட்டு நிற்கும். எண்பதுகளின் நடுவில் ஒரு மாலையில் நான் அந்த மேடையில் காத்திருந்தேன். சனங்கள் மூட்டை முடிச்சுகளோடு இறங்கிப் போய்விட்டார்கள். மேடை காலியாகி, மலை உச்சிகளிலிருந்து பனிமூட்டம் இறங்கத் தொடங்கிய பிறகுதான் ஒரு பெட்டியின் கதவில் அந்த வெள்ளைக்கார அம்மா தெரிந்தார். நரைத்த தலை, உயரமான, சற்றே கூனிய உடம்பு, ஒரு கையில் தோல் பை, மறு கையில் கறுப்புக் குடை. உறங்கிப்போயிருந்தவரை கார்ட் வந்து எழுப்பிவிட்டிருக்கிறார். எந்த ஊரில் இறங்குகிறோம் என்பதே தெரியாதவரைப்போலப் படியில் நின்று மலைகளைச் சுற்றிலும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். இவரா, என்று நினைத்தேன்.

கோட்டுப் போட்ட ஒரு பெரிய மனிதரை நான் எதிர்பார்த்திருந்தேன். வெளிநாட்டிலிருந்து மனித உரிமை அமைப்பொன்று ஆள் அனுப்புகிறது, என் பெரியப்பாவின் வழக்கைப் பார்க்க ஒரு சட்டத்தரணி வருகிறார் என்று பண்டாரவளைக் கோயில் ஃபாதர் சொன்ன நாளிலிருந்து, அந்த ஆள் என் கற்பனையில் வளர்ந்துகொண்டே இருந்தார். கொடி பறக்கும் காரில் வந்து இறங்குவார், மேசையில் கைவைத்துப் பேசுவார், பெரியப்பாவைக் கையோடு கூட்டிவந்துவிடுவார். வந்தவரோ, ஓய்வுபெற்ற தையல் டீச்சரைப்போல இருந்தார். நான் ஹாலிஎலப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். சிங்களமும் தெரியும் என்பதால் அவருக்கு நாக்காக இருக்கும் வேலை எனக்கு வந்தது. என் பெயரை இரண்டு தரம் சொல்லிப் பார்த்து, வராமல்போகவே, "டீச்சர்" என்றே கூப்பிடத் தொடங்கினார். நான் அவரைக் கடைசிவரை அம்மா என்றேன். தோட்டத்துச் சனங்கள் வெள்ளைக்காரப் பெண் என்றாலே தொரைசானி என்று சொல்லிப் பழகியவர்கள். இவரையும் அப்படித்தான் சொன்னார்கள்.

பெரியப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். ஸ்பிரிங்வெளிக்கு அப்பால், மேடும் பள்ளமுமாகக் கிடந்த எங்கள் தோட்டத்துக்கு அவர்தான் தொழிற்சங்கத் தலைவர். அப்பா இறந்த பிறகு என்னைத் தன் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், வைத்துப் படிக்கவைத்தவர். தமிழர்களைத் தாக்கிய எண்பத்துமூன்றுக் கலவரம் எங்களிடம் வந்தது ஒரு மத்தியானத்தில். லொறியில் வந்தார்கள். நாங்கள் லயத்துக்குக் கீழே தேயிலைக்குள் ஓடிப் படுத்துக்கொண்டோம். இடுப்பளவுச் செடிதான், ஆனாலும் அடியில் படுத்தவர்களை யாரும் காணவில்லை. என் கண்ணுக்கு நேரே ஒரு தண்டில் எறும்புகள் சாரை சாரையாக ஏறிக்கொண்டிருந்தன. மேலே கூரைத் தகரங்கள் சூட்டில் வெடிக்கும் சத்தம். நான் அந்த எறும்புகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் முகத்தை மண்ணில் புதைத்துக் கிடக்க, பெரியப்பா மட்டும் தலையைத் தூக்கிச் செடிகளின் நடுவே பார்த்துக்கொண்டே இருந்தார்.

எல்லாம் அடங்கிய பிறகு, எங்கெங்கோ நாடுகளிலிருந்து கூரைத் தகரமும் கம்பளியும் வந்தன. கம்பளிகளில் நாங்கள் அறியாத ஒரு சவர்க்கார வாசம் இருந்தது. லயங்கள் மறுபடி எழும்பின. ஆட்களை வேலைக்குக் கூப்பிடும் பெரட்டுச் சங்கு மறுபடி ஊதியது. எதுவும் நடக்காததுபோல் மலை மீண்டும் பச்சையாகக் கிடந்தது. அப்போதுதான் பெரியப்பா பொலிஸுக்குப் போய், தான் கண்ட முகங்களின் பெயர்களைச் சொல்லிக் கையெழுத்து வைத்துவிட்டு வந்தார். ரோட்டோரக் கடையில் எங்களுக்குத் தினமும் காலைச் சாப்பாட்டுக்குப் பாண் விற்ற ஒருவனின் பெயரும் அதில் இருந்தது. பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

"தோட்டமே கண்ணை மூடிக்கிட்டு கெடந்துச்சு. நீங்க மட்டும் ஏன் பாத்தேன்னு சொல்றீங்க?"

"பாத்தேனே புள்ள," என்றார் பெரியப்பா. "பாத்தத எப்புடி பாக்கலன்னு சொல்றது?"

சில வாரங்களில் அவரைப் பிடித்துப்போனார்கள். தொழிற்சாலைக்குப் புது ரோடு போடப் பாறை உடைத்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டோர் எரிந்துபோனதால், பாறை உடைக்கும் வெடிமருந்தைத் தலைவர் வீட்டில் வைக்கச் சொன்னது தோட்டத்தை நடத்திய பெரிய துரைதான். அந்த மருந்தைத் தூக்கிக் காட்டி, குண்டு செய்ய வைத்திருந்தான் என்று வழக்குப் போட்டார்கள். துரையிடம் கேட்டபோது தனக்கு ஞாபகமில்லை என்று சொல்லிவிட்டார். அவர் கெட்டவர் அல்லர். கலவரத்துக்குப் பிறகு எங்களுக்கு அரிசி கொடுத்தவர், அதற்காகவே அவர் பங்களாக் கண்ணாடியும் கல்லெறிபட்டது. பயந்துவிட்டார். பெரியப்பாவைத் தூரத்துத் தடுப்பு முகாம் ஒன்றுக்கு மாற்றப்போகிறார்கள் என்றொரு பேச்சு அடிபட்டது. அங்கே போனவர்கள் திரும்பி வந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

அம்மா தங்குவதற்கு இடம் கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. பதுளைக் கடைவீதியில் புடைவைக்கடை வைத்திருந்த ஒரு ஹாஜியார்தான் கடைக்கு மேலிருந்த அறையைத் தந்தார். பக்கத்துக் கடை எரிந்தபோது பிடித்த கரி அவர் சுவரில் இன்னும் அழியாமல் இருந்தது. பயமில்லையா என்று நான் கேட்க வாயெடுத்ததுமே கையை உயர்த்தினார்.

"பயம் ஈக்கிது மகள். ரூமும் ஈக்கிது. கூட்டிக்கொண்டு வாங்க."

அம்மாவோடு நீதிமன்றத்துக்குப் போன முதல் நாள் எனக்கு ஒரு கனவைப்போலத்தான் நினைவிருக்கிறது. மலைக்கு மேலே குளிரில் விறைத்துக்கொண்டு புறப்படுகிறவர்கள், பதுளைக்கு இறங்கி வரும்போது வெயிலுக்குள் இறங்குவார்கள். நீண்ட சன்னல்களில் தூசி மிதந்தது. எங்கோ ஒரு தட்டச்சு இயந்திரம் தூங்கித் தூங்கி அடித்தது. சிங்களத்தில் பேசினார்கள், ஆங்கிலத்தில் சட்டம் சொன்னார்கள், குற்றவாளிக் கூண்டில் நின்றவருக்குத் தெரிந்ததோ தமிழ். அம்மா முன்வரிசை பெஞ்சின் ஓரத்தில் போய் உட்கார்ந்து, பையை மடியில் வைத்து, அதன்மேல் இரு கைகளையும் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான். நீதவான் ஒரு முறை நிமிர்ந்து அவரைப் பார்த்தார். சட்டையைச் சரிசெய்துகொண்டு வழக்கை எடுத்தார். வழக்கமாகக் கடைசியில், அவசரமாக, பெயரைக்கூட முழுதாகச் சொல்லாமல் தள்ளிப்போடும் வழக்கு அன்று முதலாவதாக எடுக்கப்பட்டது. இரண்டு வாரம் தள்ளித் தவணை கொடுத்தார்கள்.

வெளியே பெரியம்மா காத்திருந்தார். தோட்டத்திலிருந்து நாலைந்து பெண்களும் வந்திருந்தார்கள். அம்மா படியிறங்கியதும் பெரியம்மா சட்டென்று விழுந்து அவர் கால்களைப் பிடித்துக்கொண்டார். "தொரைசானி, எப்புடியாவது அவர வெளிய எடுத்துக் குடுங்க!" அம்மா பதறிப்போய்த் தானும் குனிந்து, தூக்க முடியாமல், கடைசியில் அந்தப் படியிலேயே அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். என்னிடம் மெல்லச் சொன்னார்: பொய் நம்பிக்கை கொடுக்காதே, எனக்கு அதிகாரம் எதுவும் இல்லை, வாதாடவும் முடியாது, நடப்பதைப் பார்க்க வந்திருக்கிறேன், அவ்வளவுதான் என்று சொல். சொன்னேன். "அவங்களால ஒண்ணும் செய்ய முடியாதாம் பெரியம்மா. பாக்கத்தான் வந்திருக்காங்களாம்."

பெரியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரைக் கொஞ்சநேரம் உற்றுப் பார்த்தார்.

"பாக்கட்டும்," என்றார். "எங்கள யாரு பாத்தா இதுவரைக்கும்?"

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். அம்மா பெரியம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். கொழுந்து பறித்துப் பறித்துக் கறுத்துக் காய்த்த அந்த விரல்கள், மெல்லிய நீல நரம்போடிய அந்தக் கைக்குள் கிடந்தன. ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

அந்த அம்மா என்ன செய்தார் என்று பின்னால் பலர் என்னிடம் கேட்டதுண்டு. என்ன செய்தார்? மறியல் சிறைக்குப் பெரியப்பாவைப் பார்க்கப் போனார். அவர் போய்வந்த பிறகு பெரியப்பாவுக்குச் சோறு சூடாகக் கிடைத்தது. கை விலங்கில்லாமல் கூட்டிவந்தார்கள். முகாமுக்கு மாற்றுகிற பேச்சு எப்படி எழுந்ததோ அப்படியே அடங்கியது. இவற்றை அவர்தான் செய்தார் என்று கையால் தொட்டுக் காட்ட முடியாது. மழை வருமென்று காற்று சொல்லுமே, அதுபோல, அவர் அந்த ஊரில் இருக்கிறார் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அவருக்கும் பலவீனம் இருந்தது. பின்னேர வெயில் ஏறினால் தூங்கிவிடுவார். எங்கள் நாட்டுச் சூட்டுக்கும் ஹாஜியார் வீட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கும் அவர் உடம்பு ஈடுகொடுக்கவில்லை. இரண்டாவது தவணை நாளில் பொலிஸ் தரப்பு எதையோ நீட்டி வாசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் தலை மெதுவாகச் சரிந்து என் தோளில் வந்து நின்றது. பார்க்க வந்தவர் கண்ணை மூடிவிட்டாரே என்று எனக்கு வெட்கமும் பதற்றமும். முழங்கையால் இடிக்கப் பார்த்தேன். அப்போது கூண்டிலிருந்து பெரியப்பா வேண்டாமென்று தலையசைப்பதைக் கண்டேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். பிடிபட்ட நாள்முதல் அந்த முகத்தில் நான் காணாத சிரிப்பு. பின்னால் அதைப் பற்றிச் சொன்னார்: "அந்தம்மா தூங்குனப்பதான் எனக்குப் பயம் போச்சு. நான் நடுங்கிக்கிட்டு நின்ன எடத்துல ஒருத்தங்க வந்து கொழந்த மாதிரி தூங்குறாங்க. அப்ப இதுவும் மனுசரு இருக்குற எடந்தான்னு தோணுச்சு."

தவணைகளுக்கு நடுவே ஒரு நாள் அவரைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனேன். பஸ் மேலேற ஏற மூட்டம் கட்டிக்கொண்டது. தேயிலை மலையே கண்ணுக்குத் தெரியவில்லை. கொழுந்து பறிக்கும் பெண்கள் ஒவ்வொருவராகப் புகைக்குள்ளிருந்து முளைத்து, நின்று பார்த்துவிட்டு, மறுபடி புகைக்குள் மறைந்தார்கள். பெரியம்மா தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும் கொடுத்தார். அம்மா கண்ணில் தண்ணீர் வரவரச் சாப்பிட்டு, இன்னொன்று கேட்டு வாங்கினார். பிறகு அந்தப் பாறையைப் பார்க்கவேண்டும் என்றார்.

ரோடு பாதியில் நின்றிருந்தது. பாறையில் மருந்து வைக்கத் துளைத்த குழிகள் அப்படியே இருந்தன. அவற்றில் மழைத்தண்ணீர் நிரம்பி, சின்னச் சின்ன வட்டங்களாக வானம் தெரிந்தது. அம்மா குடையை மடக்கிவிட்டு ஒரு குழிக்குள் விரலை விட்டுப் பார்த்தார். நாங்கள் அங்கே நிற்கும்போது மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. பெரிய துரை. எங்களைக் கண்டதும் வண்டியை நிறுத்தினார், இறங்கவில்லை. அம்மா வணக்கம் சொன்னார். பிறகு, பாதை கேட்கிறவரைப்போல, ஒரே ஒரு கேள்வி கேட்டார். இந்த ரோட்டைப் போடச் சொன்னது யார்?

துரை பாறையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பெரியம்மாவும் லயத்துப் பெண்களும் கொஞ்சம் தள்ளி மூட்டத்துக்குள் நின்றிருந்தார்கள். அவர்களையும் பார்த்தார். "நான்தான்," என்று ஆங்கிலத்தில் சொன்னார். அதற்குமேல் அம்மா எதுவும் கேட்கவில்லை. நன்றி என்றார். கேளுங்கள், இன்னும் கேளுங்கள் என்று என் மனம் கத்தியது. மோட்டார் சைக்கிள் போய் வெகுநேரம் வரை அந்தச் சத்தம் மலைக்கு மலை சுற்றிக்கொண்டிருந்தது. ஏன் விட்டீர்கள் என்று திரும்பும் வழியில் கேட்டேன். சாட்சியை இழுத்துவருவது என் வேலையில்லை, டீச்சர், என்றார். சற்றுப் பொறுத்து, என் நாட்டிலும் ஒரு காலத்தில் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள், அப்போது எங்கள் தெருவில் எல்லாருடைய சன்னலும் மூடியிருந்தது, நான் சின்னப் பிள்ளை, எங்கள் சன்னலும் மூடியிருந்தது, என்றார். பிறகு பஸ் கண்ணாடியில் தலைசாய்த்துத் தூங்கிவிட்டார்.

அடுத்த தவணையில்தான் விசாரணை என்று முடிவானது. அதற்குள் அவருடைய விசா முடிந்தது. கொழும்பில் நீட்டித்துத் தர மறுத்துவிட்டார்கள். காலை ரயிலில் ஏற்றிவிடப் போனோம். பெரியம்மா கொழுந்து மலைக்குப் போகாமல் வந்திருந்தார். இரண்டு பேரும் மேடையில் அவரவர் பாஷையில் பேசிக்கொண்டே இருந்தார்கள். நான் மொழிபெயர்க்க முயன்றபோது, "சும்மா இரு புள்ள, வெளங்குது," என்று பெரியம்மா அதட்டினார். ரயில் நகர்ந்து வளைவில் மறையும்வரை அம்மாவின் கை சன்னலுக்கு வெளியே இருந்தது.

விசாரணை நாள் வந்தது. ஹாஜியார் கடைக்கு முன்னால் சந்தித்துக்கொண்டு போனோம். பார்க்க ஆளில்லை என்று தெரிந்தால் என்ன செய்வார்களோ என்ற எண்ணம்தான் எனக்கு. நீதிமன்றத்துக்குள் நுழைந்தபோது முன்வரிசை பெஞ்சு காலியாக இருந்தது. எங்கள் ஆட்கள் எப்போதும் வெளியே மரத்தடியில்தான் நிற்பார்கள். உள்ளே வரலாம் என்பதே பலருக்குத் தெரியாது. பெரியம்மா வாசலில் ஒரு கணம் நின்றார். செருப்பைக் கழற்றப்போனார், பிறகு கழற்றவில்லை. நேரே நடந்துபோய் அந்தப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். மடியில் துணிப்பை, அதன்மேல் இரண்டு கைகள். அவருக்குப் பின்னால் லயத்துப் பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். அன்றைக்குப் பெயர் விழாது, சம்பளம் கிடைக்காது என்று தெரிந்தே மலையிறங்கி வந்தவர்கள். நல்ல சேலை கட்டி, தலைக்கு எண்ணெய் வைத்து, கோயிலுக்கு வந்தவர்களைப்போல வரிசையாக உட்கார்ந்தார்கள். பெஞ்சு நிறைந்தது. அடுத்த பெஞ்சும் நிறைந்தது.

நீதவான் வந்து அமர்ந்து நிமிர்ந்தார். அந்த முகங்களை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை பார்த்தார். வழக்கை எடுக்கச் சொன்னார்.

பெரிய துரை வந்திருந்தார். பெரியப்பாவுக்காக வாதாடிய எங்கள் லோயர் கூப்பிட்டார், சாட்சிக் கூண்டில் ஏறினார். கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அந்த மருந்துக்கு அனுமதி தோட்டத்தின் பெயரில் வாங்கப்பட்டது, அதைத் தலைவரின் வீட்டில் வைக்கச் சொன்னது நான், முன்பு ஞாபகமில்லை என்று சொன்னது உண்மையல்ல என்றார். நடுவில் நிறுத்தவில்லை. பெரியம்மாவுக்கு அந்தச் சிங்களம் முழுவதும் விளங்கியிருக்காது. கண்ணிமைக்காமல் துரையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியப்பாவை அன்று விட்டுவிட்டார்கள். வாசலுக்கு வந்து வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றவர், முதலில் கேட்டது, "அந்தம்மா எங்க?" என்றுதான். போய்விட்டார் என்று நான் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. மற்றக் காதுப் பக்கம் போய் மறுபடி சொன்னேன். பிடித்த புதிதில் வாங்கிய அடியில் அவருடைய இடது காது போயிருந்தது. அது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அவர் பெயர் சொன்ன ஆட்கள் மீது வழக்கு எதுவும் வரவில்லை. பாண் விற்றவன் தொடர்ந்து பாண் விற்றான். துரை வேறு தோட்டத்துக்கு மாறிப் போனார். பெரியப்பா தலைவர் பொறுப்பை விட்டுவிட்டு, லயத்து வாசலில் வெயில் காய்ந்துகொண்டு, கேட்கிற காதைப் பேசுகிறவர் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, இன்னும் சில வருஷம் இருந்தார். பதுளைக்கு மட்டும் இறங்கவேயில்லை. ஆஸ்பத்திரிக்குக்கூட வரமாட்டேன் என்றுவிட்டார். இன்று நான் பேரப்பிள்ளைகளோடு பதுளைக்குப் போகும்போது அந்த வீதியில் எல்லாமே மாறியிருக்கிறது. கரி பிடித்த சுவர் இல்லை. ஹாஜியாரும் இல்லை. அந்த அம்மா எந்த மண்ணில் உறங்குகிறாரோ தெரியாது. வெயில் மட்டும் அதே வெயில்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். பெரியப்பா வீடு வந்து சில மாதங்கள் கழித்து, சம்பள நாளுக்கு அடுத்த நாள், பெரியம்மா என் பாடசாலை வாசலில் வந்து நின்றார். அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டத்துப் பையன் ஒருவனைப் பிடித்திருக்கிறார்களாம், தாய் தகப்பன் கப்பலேறி இந்தியாவுக்குப் போய்விட்டார்களாம், இன்றைக்கு அவனுக்கு வழக்காம். பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டது காதில் விழுந்திருக்கிறது. நமக்கு அவனைத் தெரியாதே பெரியம்மா என்றேன். தெரியாதுதான், நீ லீவு போட்டுட்டு வா என்றார்.

நீதிமன்றத்துக்குள் போய் உட்கார்ந்தோம். காவலுக்கு நின்ற கான்ஸ்டபிள் குனிந்து அரைகுறைத் தமிழில் கேட்டான்: "ஆயா, இது உங்க மகனா?"

"இல்லைங்க ராலாமி. அவனுக்கு யாரும் வரல்ல போல இருக்கு. அதான் வந்தேன்."

பையனைக் கூட்டிவந்தார்கள். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. பெஞ்சுகளைப் பார்த்தான், எங்களைத் தாண்டிப் பார்த்தான், அவன் பார்வை திரும்பவும் பெரியம்மாவிடம் வந்து நின்றது. பெரியம்மா மெதுவாகத் தலையசைத்தார். யாரென்று அவனுக்கு விளங்கவில்லை. ஆனாலும் தொங்கிக்கிடந்த தோள் கொஞ்சம் நிமிர்ந்தது. யார் யாரோ எழுந்து பேசினார்கள், உட்கார்ந்தார்கள். சிறிது நேரத்தில் அவனைத் திரும்பக் கொண்டுபோனார்கள்.

பெரியம்மா எழுந்திருக்கவில்லை. கதவு சாத்தும்வரை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அடுத்த தவண என்னைக்குன்னு கேட்டுட்டு வா புள்ள."